ஃப்ரீமான்ட்டில் பல்லி டியூட்டி!

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகரா பார்த்தேன், வெள்ளை மாளிகை பார்த்தேன், சுதந்திர தேவி சிலை பார்த்தேன் என்று போட்டோவாக நீட்டுவார்கள். நானும் போனேன் ஸார். எட்டு நாள் ஒரு பல்லியைப் பார்த்தேன். தப்பு... பார்த்துக்கொண்டேன்! இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அக்கா குடும்பம் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்கிற ஊரில் இருக்கிறது. அம்மாவுக்கு மகளையும் பேரனையும் பார்க்க ஆசை. தனியாக விமானம் ஏற பயம். "நீ என்ன ஆபீஸ் கீபீஸ்னு போறவனா? வீட்ல உக்காந்து எழுதறவன்தானே... கூட வா" என்று ஒரே வரியில் என் தொழிலை மதிப்பீடு செய்து, டிசம்பரில் ஒரு மாதத்துக்கு டிக்கெட்டும் போட வைத்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று அம்மாவின் கவலையெல்லாம் மாம்பலம் வீட்டு மொட்டைமாடித் துளசியின் மேல்தான். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "தினம் ஒரு செம்பு. ஒரே செம்பு. வேர்ல ஊத்தணும், தலைமேல ஊத்திடாதே" என்று மூன்று தடவை சொன்னாள். டாக்ஸியில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி நாலாவது தடவை.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் வட்டியோடு கட்டினேன்.

*

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து ஃப்ரீமான்ட் போக விரிகுடாவைத் தாண்ட வேண்டும். சான் மட்டேயோ பாலம் சுமார் 11 கிலோமீட்டர். பாதி தூரம் தண்ணீரை உரசிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொன்னாள். அத்தான் அதை ஜெட்லாக் என்று நினைத்துக்கொண்டார்.

பாண்டவர்கள் ஐந்து ஊர் கேட்டு, கிடைக்காமல் போய் பாரதப் போரே வந்தது. இங்கே கதை தலைகீழ். சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று ஐந்து சிற்றூர்கள் 1956-ல் தாமாகவே கைகோத்துக்கொண்டு ஃப்ரீமான்ட் ஆகிவிட்டன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2,30,000. அதில் பாதிக்கு மேல் ஆசியர்கள். கடைக்குப் போனால் முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, டப்பாவில் இட்லி மாவு. வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று குரல். திரும்பிப் பார்த்தால் கோயம்புத்தூர்!

ஊருக்குக் கிழக்கே சுமார் 2,500 அடிக்கு மிஷன் சிகரம். மழை பெய்தால் பச்சை, கோடையில் வெயில் தின்ற பொன்னிறம். தெற்கே போனால் டெஸ்லா கார் தொழிற்சாலை. முதலில் அங்கே இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1984 முதல் 2010 வரை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நடத்தின. இப்போது மின்சாரக் கார். கட்டடம் ஒன்று, முதலாளிகள் மூன்று. ஆபீஸ் வாசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் நிற்பது ஹேவர்ட் பிளவு என்கிற பூகம்பக் கோட்டின் மேல். 1797-ல் தொடங்கிய மிஷன் சான் ஹோசேயின் தேவாலயத்தை 1868 பூகம்பம் தரைமட்டமாக்கியது. இப்போதிருப்பது பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டியது. "பூமி ஆடினா என்ன பண்ணுவீங்க?" என்று அக்காவைக் கேட்டேன். "மேஜைக்கு அடியில போயிடணும்" என்றாள். பையன் மட்டும் "நான் மேங்கோவை எடுத்துட்டுத்தான் போவேன்" என்றான்.

பூகம்பத்தில் மாம்பழத்தை எதற்கு எடுக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

*

அக்கா பையனுக்குப் பதினொரு வயசு. வந்த இரண்டாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, உங்களுக்கு கிரிக்கெட் பிடிக்குமா?" என்றான்.

"உயிர்டா! ஸ்கூல் டீம்ல நான்தான் ஓபனிங்" என்றேன். (பொய். பன்னிரண்டாவது ஆள்.)

"குட். வாங்க" என்று கையைப் பிடித்து அவன் ரூமுக்குக் கூட்டிப்போய் ஒரு டப்பாவைத் திறந்தான். உள்ளே ஐம்பது சுவர்க்கோழிகள் குதித்துக்கொண்டிருந்தன. அந்த ஊரில் அந்தப் பூச்சிக்கும் கிரிக்கெட் என்றுதான் பேர். "இதைக் கையால பிடிக்கணும், மாமா. அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பாவுக்குப் பிடிக்கத் தெரியாது."

தமிழ் எவ்வளவு ஆபத்தான மொழி பாருங்கள்!

சுவர்க்கோழியெல்லாம் யாருக்குச் சாப்பாடு? பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல் நிறக் காகிதம், மூன்று குகை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். குகை வாசலில் ஒரு ஜாண் நீளத்துக்கு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளியோடு, மேங்கோ!

லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கிற பல்லிகளில் இதுதான் ரொம்பப் பிரபலம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சிவ சிவா! பல்லிக்கு ஒரு ரூமா? நம்ம வீட்ல வாடகை இல்லாம பத்து இருக்கே" என்றாள். ஆனால் அன்றே 'மேங்கோ'வை 'மாம்பழம்' என்று தமிழாக்கமும் செய்துவிட்டாள்.

எனக்குப் பல்லி என்றால் ஆகாது. எட்டு வயசில் சாப்பிடும்போது ஒன்று தோளில் விழுந்தது. தோளில் விழுந்தால் வெற்றி என்கிறது பஞ்சாங்கம். அந்த வருஷம் கணக்கில் 31 மார்க். பரிகாரத்துக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஏணியில் ஏற்றி, கூரையில் இருக்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வைத்தார்கள். தோஷம் போயிருக்கலாம். பயம் போகவில்லை.

"இது நம்ம வீட்டுப் பல்லி மாதிரி இல்லை, மாமா" என்று பையன் பாடம் நடத்தினான். நம்ம பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். நம்ம பல்லியின் விரலில் ஒட்டுகிற பட்டைகள் இருப்பதால் சுவரில் ஏறும். இதற்கு வெறும் நகம்தான், கண்ணாடியில் ஏறத் தெரியாது. வால் குண்டாக இருக்கிறதே, அதுதான் இதன் பிராவிடண்ட் ஃபண்ட்! கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பஞ்ச காலத்தில் எடுத்துச் செலவழிக்கும். பயந்தால் வாலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். வால் திரும்ப முளைக்கும். ஆனால் பழைய அழகு வராது. நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். பையன் படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் கூட வரும்!

இன்னொரு சங்கதி. இந்தப் பல்லியை 1854-ல் முதன்முதலில் விவரித்து விஞ்ஞானப் பேர் வைத்தவர் எட்வர்ட் ப்ளைத். கல்கத்தாவில் ஏஷியாடிக் சொசைட்டி மியூசியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். மாதிரி கிடைத்தது, இப்போது பாகிஸ்தானில் இருக்கிற பஞ்சாப் உப்பு மலைத்தொடரில். ஆக, மேங்கோவுக்குப் பூர்வீகம் நம்ம பக்கம், பிறப்பு வளர்ப்பு அமெரிக்கா. அப்படியே அக்கா பையன் கேஸ்தான்!

*

அக்கா குடும்பமும் அம்மாவும் லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன் என்று எட்டு நாள் டூர் போவதாகத் திட்டம். நானும்தான். மேங்கோவைப் பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அவனுக்கு 103 டிகிரி ஜுரம்.

"அப்ப நானும் வரலை" என்று பையன் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை, கத்தவில்லை. வெறுமனே தொட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். ஹாலில் நிசப்தம். ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆபீஸில் சனிக்கிழமை வேலைக்கு ஆள் கேட்கும்போது மானேஜர் கல்யாணமாகாதவனைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சரி" என்று என் வாய் சொல்லிவிட்டது.

உடனே சார்ஜ் ஒப்படைப்பு ஆரம்பம். இரண்டு பக்கத்துக்கு 14 ஷரத்துகள் எழுதிக் கொடுத்தான். நான் வேலை பார்த்த எந்த மானேஜரும் இத்தனை தெளிவாக எழுதியதில்லை. தொட்டிக்கு அடியில் ஒரு சூட்டு விரிப்பு. சூடான பக்கம் ஃபாரன்ஹீட்டில் 90, குளிர்ந்த பக்கம் 75 இருக்க வேண்டும். அதுவாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து வாங்கித்தான் வாழும். ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி ஐந்து பூச்சி. கால்சியம் பவுடரில் பிரட்டிப் போட வேண்டும், நாம் பஜ்ஜியை மாவில் தோய்க்கிற மாதிரி. சாப்பிடாமல் மிச்சம் விட்ட சுவர்க்கோழியை உடனே வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பிப் பல்லியைக் கடிக்கும்! மூன்றாவது குகையில் பாசி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தினமும் புதுசு. வாலைத் தொடவே கூடாது.

மாற்றுச் சாப்பாடாக மாவுப்புழு ஒரு டப்பா. அது ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில்! வெளியே வைத்தால் சீக்கிரம் வண்டாகிவிடுமாம். அக்கா எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டேன். "புள்ளை கேட்டா என்ன பண்றது?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் பதில் கிடையாது.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, என்ன போட்டது, எத்தனை சாப்பிட்டது, மிச்ச ஸ்டாக். நான்கு கட்டம். "மாமா, நீங்க பி.காம்தானே? அம்மா சொன்னாங்க" என்றான். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு! பட்டம் வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகி, முதல் தடவையாக ஒருத்தன் என் படிப்பை நம்பினான்.

*

வியாழக்கிழமை கார் கிளம்பியது. வெள்ளி ராத்திரி முதல் சாப்பாடு. சுவர்க்கோழி பிடிக்க உட்கார்ந்தேன். ஐந்தைப் பிடிப்பதற்குள் மூன்று தப்பித்து சோபாவுக்கு அடியில் போய்விட்டன. நோட்டில் 'சேதாரம் 3' என்று நேர்மையாக எழுதினேன்.

தொட்டியில் விட்டதும் பார்க்க வேண்டுமே! அதுவரை சாது மாதிரி இருந்த மேங்கோ தலையைத் தூக்கியது. வால் நுனி மட்டும் பாம்பு வால் மாதிரி படபடவென்று ஆடியது. சட்டென்று ஒரு பாய்ச்சல். லபக்! அப்புறம் நாக்கை நீட்டி உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதன் வாய் அமைப்பே சிரிக்கிற மாதிரி. ஐந்தும் காலி. எனக்குக் கல்யாணப் பந்தியில் பரிமாறிய திருப்தி. வீடியோ போட்டு அனுப்பினேன். பையனிடமிருந்து கட்டைவிரல் வந்தது.

அந்தத் திமிரில் சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினேன். பஸ் பிடித்து நைல்ஸ். ஐந்து ஊர்களில் ஒன்று என்று சொன்னேனே, அது. மலைச்சரிவில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பேர். ஹாலிவுட்டுக்குத் தம்பி மாதிரி. ஒரே கடைத்தெரு, பழைய சாமான் கடைகள், ரயில் பாதை. 1869-ல் அமெரிக்காவின் இரண்டு கடற்கரைகளையும் இணைத்த ரயில் பாதை இந்த நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் விரிகுடாவுக்கு வந்தது. இப்போது பழங்கால ரயில் ஒன்றை ஆர்வலர்கள் ஓட்டுகிறார்கள்.

ஆனால் நைல்ஸின் பெருமை வேறு. ஹாலிவுட் முழுசாக ஹாலிவுட் ஆவதற்கு முன்பு, எஸ்ஸனே என்கிற சினிமா கம்பெனி இங்கே ஸ்டூடியோ வைத்திருந்தது. ஸ்பூர், ஆண்டர்சன் என்ற இரண்டு கூட்டாளிகளின் முதலெழுத்து எஸ், ஏ. அதையே சேர்த்துப் பேராக வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டர்சன்தான் 'பிராங்கோ பில்லி' என்ற பேரில் நடித்த முதல் கௌபாய் ஸ்டார். 1915-ல் இந்தத் தெருவுக்குச் சம்பளத்துக்கு வந்த ஆள், சார்லி சாப்ளின்! வாரச் சம்பளம் 1,250 டாலர். அந்தக் காலத்தில் அது மலை. இங்கே இருந்தது சில மாதம்தான், எடுத்தது ஐந்து படம். அதில் ஒன்று 'தி டிராம்ப்'. கடைசியில் சார்லி மூட்டையும் கைத்தடியுமாக முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக மண் ரோட்டில் நடந்து போவானே, அந்தப் படம். ஊர் ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று சாப்ளின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே போய்விட்டார்.

ஸ்டூடியோ இப்போது இல்லை. 1913-ல் கட்டிய எடிசன் தியேட்டர் மட்டும் ஊமைப்பட மியூசியமாக நிற்கிறது. மரத்தரை, மர நாற்காலி. பழைய புரொஜக்டர் அறையைப் பார்த்தபோது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் வாசனை வந்தது. தெருவில் நடந்து, காபி குடித்து, வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிட்டது. கதவைத் திறந்ததும் சோபாவுக்கு அடியிலிருந்து மூன்று சேதாரங்களும் கச்சேரி செய்துகொண்டிருந்தன. தொட்டியை எட்டிப் பார்க்காமல் படுத்துவிட்டேன்.

*

ஞாயிறு ராத்திரி மாவுப்புழுவோடு போனேன். மேங்கோவைப் பார்த்ததும் பகீர் என்றது. மஞ்சளைக் காணோம். சாம்பல் பூசின மாதிரி உடம்பெல்லாம் வெளுத்து, கண் மங்கி, ஈரக் குகையில் சுருண்டு கிடந்தது. ஐந்து புழுவை வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு மணி நேரம் கெஞ்சினேன். "சாப்பிடு கண்ணு" என்று ஒரு பல்லியிடம் சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சரியாக அப்போது பையனின் வீடியோ கால். லாஸ் வேகஸ் விளக்குகள் பின்னால் ஜொலிக்கின்றன. "மாமா, மேங்கோ சாப்பிட்டானா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து ஊர் சுற்ற வந்த சந்தோஷம். பாழாக்குவானேன்? "அஞ்சும் சாப்பிட்டாச்சுடா. ஏப்பம் விட்டுட்டுத் தூங்கறான்!"

போனை வைத்துவிட்டு நோட்டிலும் 'புழு 5' என்று எழுதினேன். புழுக்களைத் திரும்ப டப்பாவில் போட்டேன். பி.காம் படித்தவன் போட்ட முதல் கள்ளக் கணக்கு!

பின்னாலேயே அம்மா போனை வாங்கினாள். "எதிர்வீட்ல பேசினேன்டா. துளசி தளதளன்னு இருக்காம். போட்டோ அனுப்பறேன்னா." "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். என்னைப் போல ஒரு ஆள் அங்கேயும் இருந்தால்?

திங்கள்கிழமையும் அதே வெளுப்பு. எலிசபெத் ஏரிக்கரையில் காலாற நடந்தால் யோசனை வரும் என்று போனேன். வாத்துகள் கூட்டமாகத் துரத்தின. யோசனை வரவில்லை.

*

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் புயல். மழை பக்கவாட்டில் அடிக்கிறது. ஆறு மணிக்கு எங்கேயோ மரம் விழுகிற சத்தம். கரண்ட் போச்சு!

கரண்ட் போவதில் நாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், பயமில்லை என்று மெழுகுவர்த்தியைத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. சூட்டு விரிப்பு அணைந்துவிட்டது. வீட்டு ஹீட்டர் காஸில் எரிந்தாலும், அந்தக் காற்றை ஊதித் தள்ள கரண்ட் வேண்டும். தொட்டிக்குள் பேட்டரியில் ஓடும் வெப்பமானி ஏழு மணிக்கு 80 காட்டியது. எட்டு மணிக்கு 74. ஒன்பதுக்கு 69. வெளுத்துப்போன ஒரு உயிர், இரண்டு நாள் பட்டினி, சுற்றிலும் குளிர். என் போனில் சார்ஜ் 18 சதவிகிதம்.

பையனைக் கூப்பிட்டேன். கிராண்ட் கேன்யனில் இருக்கிறார்கள். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"கரண்ட் போயிடுச்சுடா. அப்புறம்... மேங்கோ வெள்ளையாயிட்டான். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து சாப்பிடலை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"அன்னிக்கு அஞ்சும் சாப்பிட்டான்னு சொன்னீங்களே?"

"பொய் சொல்லிட்டேன்டா. நீ கவலைப்படுவியேன்னு..."

"மாமா, நான் கவலைப்படணும். அது என்னோட பல்லி."

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு வரி மாதிரி எதுவும் சுட்டதில்லை.

அடுத்த நிமிஷமே அவன் குரல் டாக்டர் குரலாகிவிட்டது. "ஒன்பதாவது ஷரத்து படிக்கலையா? வெள்ளையானா தோல் உரிக்கப் போறான்னு அர்த்தம். அப்ப சாப்பிட மாட்டான். அது நார்மல். ஆனா குளிர் நார்மல் இல்லை. ஈரக் குகையோட அவனை ஒரு சின்ன டப்பாவுல வைங்க. வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்திப் பக்கத்துல வைங்க. மேல படக்கூடாது. தோலை நீங்க உரிக்காதீங்க. சாப்பாடு குடுக்காதீங்க, குளிர்ல ஜீரணம் ஆகாது, வயித்துலயே அழுகிடும். அப்புறம்..."

அப்புறம் போன் செத்துவிட்டது.

காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்தேன். வெந்நீர் போட்டேன். ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் பாசியோடு ஈரக் குகை, இன்னொரு பக்கம் துண்டு சுற்றிய பாட்டில். வெப்பமானியையும் உள்ளே வைத்தேன். அந்த டப்பாவை மடியில் வைத்து, ரஜாயைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலை மாற்ற வேண்டியிருந்தது. வெளியே காற்று ஊளையிடுகிறது. டப்பாவுக்குள் அவ்வப்போது பாசியைப் பிராண்டுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதி. பத்து நிமிஷம் கேட்காவிட்டால் வயிற்றைப் பிசைந்தது. 'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்று பழமொழி சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பல்லி எனக்குச் சகுனம் ஒன்றும் சொல்ல வேண்டாம், விடியும் வரை உயிரோடு இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

விடிகாலை நாலரைக்குக் கரண்ட் வந்தது. டப்பாவைத் திறந்தேன். சாம்பல் மேங்கோவைக் காணோம். புத்தம் புது மஞ்சளில், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சட்டை போட்ட மாதிரி ஒரு மேங்கோ! உரித்த தோலின் கடைசித் துண்டை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. ஆமாம், சட்டையைத் தானே சாப்பிட்டுவிடும். எவ்வளவு சிக்கனம்!

வலது முன்னங்காலில் ஒரு விரலில் மட்டும் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தது. ஷரத்து பத்து: அப்படியே விட்டால் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நனைகிற மாதிரி நிறுத்தி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் மெதுவாக உருட்டினேன். எட்டு வயசிலிருந்து பல்லியைக் கண்டு அலறியவன் கை, நடுங்கவில்லை. தோல் வந்துவிட்டது. மேங்கோ என் உள்ளங்கையில் ஏறி, இமையை மூடித் தூங்கிவிட்டது.

*

வியாழக்கிழமை சாயந்திரம் கார் வந்தது. குரங்குக் குல்லாவைக் கழற்றாமல் அம்மா, "அவ்ளோ பெரிய பள்ளம்டா, யாரு தோண்டினாங்களோ!" என்று ஆரம்பித்தாள். பையன் செருப்பைக் கழற்றாமல் ரூமுக்கு ஓடினான். மேங்கோவைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினான். இருபதும் இருந்தன.

அடுத்து, நோட்டு. ஞாயிற்றுக்கிழமை எழுதியதை நான் அழிக்கவில்லை. கணக்கில் தப்பைச் சுரண்டி அழிக்கக் கூடாது. கீழே திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். புதன்கிழமை தேதி போட்டு, 'ஞாயிறு 5 புழு என்று எழுதியது பொய். சாப்பிட்டது 0. ஸ்டாக்கில் 5 கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பையன் படித்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து புழுக்களை எண்ணினான். சரியாக இருந்தது. பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டான்.

"அந்த மூணு கிரிக்கெட் எங்கே, மாமா?" என்றான்.

"சோபாவுக்கு அடியில" என்றேன். அக்கா ஒரு அலறல் அலறினாள் பாருங்கள்!

*

ஜனவரியில் மாம்பலம் வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இறக்காமல் அம்மா மொட்டைமாடிக்கு ஏறினாள். பின்னாலேயே நானும், எதிர்வீட்டு அக்காவும்.

துளசி தளதளவென்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது கருந்துளசி. தொட்டியில் நின்றது வெண்துளசி. பச்சைப் பசேல் இலை, புது மண். எதிர்வீட்டு அக்கா தரையைப் பார்த்தாள்.

அம்மா ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். "நல்லா பாத்துக்கிட்டேடி. ஒரு மாசம்னா சும்மாவா?" என்று அவள் கையைப் பிடித்து, ஃப்ரீமான்ட்டிலிருந்து கொண்டுவந்த பாதாம் பொட்டலத்தில் பெரியதைக் கொடுத்தனுப்பினாள்.

அவள் இறங்கிப் போனதும் கேட்டேன், "ஏம்மா, அது நம்ம துளசி இல்லையே?"

"எனக்குத் தெரியாதா? காஞ்சு போனதும் பதறியிருப்பா. தேடிப் போய் வாங்கி வெச்சிருக்கா பாரு. அதுக்கு மேல என்னடா கேக்கறது?" அம்மா செம்பில் தண்ணீர் எடுத்தாள். "ஆனா போன்ல சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வார்த்தை. வேரில் ஊற்றினாள்.

மாடிப்படிச் சுவரில் ஒரு பல்லி 'ச்சு ச்சு' என்றது. அம்மா வழக்கம்போல விரலால் சுவரைத் தட்டி, "கிருஷ்ணா கிருஷ்ணா" என்றாள். நான் வழக்கம்போல விளக்குமாற்றைத் தேடவில்லை. நின்று பார்த்தேன். பாவம், வால் கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது.